ஊதாத குழல்கள்

பொருள் சேர்க்கும் ஆசையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பொன்னையும் நிலத்தையும் பற்றியே எழுதுகின்றனர். பேராசை என்றதும் இரும்புப் பெட்டியின் அருகே உறக்கமின்றிக் கிடக்கும் செல்வனின் உருவமே நம் கண்முன் எழுகிறது. அவ்வுருவத்தைக் கண்டு நாம் ஓரளவு நிம்மதியும் அடைகிறோம். ஏனெனில் நம்மிடம் இரும்புப் பெட்டி இல்லை. ஆனால் சேர்க்கும் ஆசை செல்வரை மட்டும் பற்றும் நோயன்று. தீப்பெட்டிப் படம் சேர்க்கும் சிறுவனிடமும், அஞ்சல் தலை சேர்க்கும் ஆசிரியரிடமும், படிக்காத நூல்கள் அலமாரியில் நிறைந்திருக்க மேலும் ஒரு நூலுக்கு விலை கேட்கும் அறிஞரிடமும் அது குடியிருக்கிறது. நம்மிடமும் குடியிருக்கிறது. நாம் சேர்த்தவை தகரக் குழல்கள். சற்றே வெட்கத்துடன் எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறோம்: 34.

நம் ஊர் பெருமாநல்லூர். திருப்பூரிலிருந்து கோபிசெட்டிபாளையம் செல்லும் சாலையும் சேலம் - கோவை நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடத்தில் அமைந்த ஊர். பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் கோயிலின் குண்டம் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். கோயிலுக்குள் செல்வோர் செல்வர். வெளியே விரிக்கப்படும் கடைகளோ எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொந்தம். அக்கடைகளுள் ஒன்றில் நம் அத்தா வாங்கித் தந்த தகரப் பீப்பியே நாம் ஊதிய முதற்குழல். மூன்றே நாளில் அது நசுங்கிப்போயிற்று. ஆனால் அந்த மூன்று நாளும் அது நம் வாயைவிட்டு அகலவில்லை. உறங்கும்போதும் கையில் இருந்தது. ஒரு பொருளை முழுமையாக உடையவராக நாம் இருந்தது அந்த மூன்று நாள் மட்டுமே என்று இப்போது தோன்றுகிறது.

பின்னர், பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்து, பிள்ளைகளைப் பெற்று, தலையும் நரைக்கத் தொடங்கிய காலத்தில், வெளிநாடு சென்று திரும்பிய உறவினர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து ஒரு தகரக் குழலைக் கொணர்ந்து கொடுத்தார். திருவிழாப் பீப்பியின் மூத்த சகோதரன் என்று அதனைச் சொல்லலாம். அதன் வரலாறும் எளியதே. 1843-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் சஃபோக் பகுதியைச் சேர்ந்த கோனி வெஸ்டன் என்னும் சிற்றூரில் ராபர்ட் கிளார்க் என்பார், வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டைச் சுருட்டி, ஒரு முனை அகன்று மறு முனை குறுகும்படி கூம்பாக்கி, வாய்ப்பகுதியில் சிறு மரக்கட்டையைச் செருகி, முன்புறம் ஆறு துளைகளிட்டுக் குழல் செய்தார். பிறகு தொழில்நகராகிய மான்செஸ்டருக்குச் சென்று அதனைப் பெருமளவில் செய்து விற்றார். ஆலைத் தொழிலாளியும் தெருச் சிறுவனும் வாங்கக்கூடிய விலையில் ஓர் இசைக்கருவி கிடைத்தது அக்காலத்தில் சிறிய செய்தியன்று. அயர்லாந்து நாட்டு மக்கள் அதனைத் தம் நாட்டுப்புற இசைக்கே உரிய கருவியாக்கிக்கொண்டனர். ஏழைகளுக்காகப் பிறந்த கருவி அது. அதனை 34 எண்ணம் ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்ததுதான் நம் சாதனை.

ஊதுகுழலைக் கேட்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாக ஆய்வும் கருத்து வேறுபாடும் உண்டு என்பதை வாசகர்கள் அறிவர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீனில் இசை கேட்டலைக் குறித்து ஒரு தனிப்பகுதியே எழுதியுள்ளார்கள். அவ்விவாதத்துக்குள் நாம் இங்கே புகவில்லை. நம் கேள்வி வேறு. குழலின் இடத்தில் கைக்கடிகாரத்தையோ பேனாவையோ பீங்கான் கோப்பையையோ வைத்துக்கொண்டாலும் அது பொருந்தும். ஒன்று போதுமானதாக இருக்க, இரண்டாவதை ஏன் நாடுகிறோம்? இரண்டாவது கிடைத்தபின் மூன்றாவது ஏன் நம்மை உறங்கவிடுவதில்லை?

நமக்கு ஒரு சமாதானம் இருந்தது. தகரக் குழல் ஒரே சுருதிக்கு உரியது. ஆறு துளைகளையும் மூடி ஊதினால் எழும் ஒலி எதுவோ அதுவே அக்குழலின் அடிப்படை. வேறு சுருதி வேண்டுமெனில் வேறு நீளமுள்ள குழல் வேண்டும். ஆகவே இரண்டாவது குழல் தேவை என்றோம். மூன்றாவதும் தேவை என்றோம். பிறகு ஒரே சுருதியில் பித்தளைக் குழல் ஒன்று தேவைப்பட்டது. தகரத்துக்கும் பித்தளைக்கும் நாதம் வேறுபடுமாம். பிறகு அதே பித்தளைக் குழலில் வேறு நிற வாய்ப்பகுதி. ஒருநாள் அஞ்சலில் வந்த பொதியை நாம் பிரித்துக்கொண்டிருந்தபோது நம் இல்லாள் அருகில் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுலயும் ஆறு ஓட்டைதானுங்களே?" என்று கேட்டார். அக்கேள்விக்கு நாம் நீண்ட விளக்கம் கொடுத்தோம். விளக்கம் நீள நீள நமக்கே ஐயம் எழுந்தது.

தேவை என்பது உண்மையில் எப்படியிருக்கும் என்பதை அறிய நாம் தொலைவுக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் வாழ்நாள் கழிந்த பனியன் தொழிலிலேயே அது இருக்கிறது. 1925-ஆம் ஆண்டில் குலாம் காதர் என்பார் தொடங்கிய பேபி நிட்டிங்கே திருப்பூரின் முதல் பின்னலாடைத் தொழிற்கூடம் என்று இத்தொழிலின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அன்று தொட்டு, வட்டப் பின்னல் இயந்திரத்தில் துணி குழாய் வடிவிலேயே இறங்குகிறது. பக்கத் தையல் இல்லாத பனியனுக்கு அந்தக் குழாயின் அகலமே உடலின் அகலம். சிறுவனுக்கு ஒரு விட்டம், பெரியவருக்கு ஒரு விட்டம். தொழிலாளர் அதனை 'டயா' என்பர். ஒரு டயாவில் வேறு அளவுத் துணி இறங்காது. ஆகவே நிட்டிங் வைத்திருப்பவர் பல டயாக்களில் இயந்திரம் வாங்குகிறார். நம் குழல்களைப் போலவே அவையும் ஒவ்வொன்றும் ஒரே 'சுருதி' உடையவை! ஆயினும் அவர் ஒவ்வோர் இயந்திரத்தையும் வாங்குமுன் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்: இதற்கு ஓட்டம் உண்டா? ஓட்டம் இல்லாத இயந்திரம் கடனுக்கு வட்டியையும் கூடத்துக்கு வாடகையையும் தின்றுகொண்டு நிற்கும். எனவே அவருடைய தேவைக்கு ஒரு கரை இருக்கிறது.

இசைவாணரிடமும் இக்கரையைக் காணலாம். கர்நாடக இசையில் புல்லாங்குழல் வாசிப்போர் வெவ்வேறு சுருதிக்கு வெவ்வேறு மூங்கிற்குழல் வைத்திருப்பது வழக்கம். நாதஸ்வரக் கலைஞரின் கருவியில் சீவாளிகள் கொத்தாகத் தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். சீவாளி நாணலால் ஆனது. உமிழ்நீரில் நனைந்தும் மூச்சில் அதிர்ந்தும் நாளடைவில் தளர்ந்துவிடும். அதனால் ஒன்றுக்கு நான்காக வைத்திருக்கிறார்கள். ஆந்திரத்துக் கரவதியில் பிறந்து திருவரங்கத்தைத் தம் ஊராக்கிக்கொண்டு, பல மாணாக்கரை உருவாக்கிய ஷேக் சின்ன மௌலானா சாகிப் (1924 - 1999) போன்ற ஒரு மேதையின் குழலில் தொங்கிய சீவாளிகளைச் 'சேகரிப்பு' என்று எவரேனும் சொல்வரா? அவை உழைத்துத் தேய்ந்தவை, அல்லது உழைக்கக் காத்திருந்தவை. நம் 34 குழல்களில் உழைத்துத் தேய்ந்தது எது என்று பார்த்தோம். முதலில் வந்த அந்தக் கிளார்க் குழலின் வண்ணம் மட்டும் விரல் பட்ட இடங்களில் சற்றே மங்கியிருந்தது. மற்றவை கடையில் இருந்தபடியே பளபளத்தன.

இங்கேதான் ஆசையின் உண்மை முகம் நமக்குத் தெரிந்தது. தகரக் குழலை ஊதுவது எளிது. நன்றாக ஊதுவது எளிதன்று. ஒரு விரல் துளையை மயிரிழை அளவு மூடாமல் விட்டால் கீச்சென்று அலறும். மேல் தாயிக்குச் செல்லச் சற்று வலிந்து ஊத வேண்டும். வலிவு கூடினால் வீட்டார் காதைப் பொத்திக்கொள்வர், குறைந்தால் கீழேயே விழுந்துவிடும். இவற்றைச் சரிப்படுத்த நாள்தோறும் உட்கார்ந்து ஒரே வரியை நூறு முறை ஊத வேண்டும். அந்தச் சலிப்பை நாம் விரும்பவில்லை. நம் கையின் குறையைக் குழலின் குறையாக எண்ணிக்கொள்வது இதமாக இருந்தது. 'அடுத்த குழல் வந்தால் சரியாகிவிடும்' என்று நினைத்தோம். அடுத்தது வரும்வரை ஒரு கிளர்ச்சி; வந்த அன்று ஒரு மகிழ்ச்சி; மறுநாள் அதே கீச்சொலி. உழைப்பைத் தள்ளிப்போடுவதற்கு நாம் கொடுத்த விலைதான் அந்த 33 குழல்களும். நூல்களை வாங்கி அடுக்குபவர் படித்துவிட்டதாகவும், உடற்பயிற்சிக் கருவி வாங்கியவர் உடல் தேறிவிட்டதாகவும் சில நாள் மகிழ்வதில்லையா? வாங்குதல் கற்றலைப் போலவே முகம் காட்டும். அதில் மயங்காதவர் சிலரே.

திருமறையின் 102-ஆம் அத்தியாயத்துக்கு 'அத்தகாஸுர்' என்று பெயர். மேலும் மேலும் பெருக்கிக்கொள்ளும் போட்டியையே அப்பெயர் குறிக்கிறது. அப்போட்டி மனிதனைக் கல்லறை வரையில் பராக்காக்கி வைத்திருப்பதைப் பற்றி அச்சிறிய அத்தியாயம் எச்சரிக்கிறது. அது செல்வத்தையும் குலப் பெருமையையும் பற்றிய எச்சரிக்கை என்று கருதி நாம் பலமுறை தொழுகையில் ஓதிக் கடந்திருக்கிறோம். பராக்கு என்பது ஒரு முழநீளத் தகரக் குழாயின் வடிவிலும் வரக்கூடும் என்பது நமக்கு அப்போது உறைக்கவில்லை.

இந்த இடத்தில் நேர்மையான ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். சேகரிப்போர் இல்லையேல் உலகம் எத்தனை செல்வங்களை இழந்திருக்கும்! செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, தமிழ் அச்சில் வந்த நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும்கூட வாழ்நாள் முழுதும் திரட்டினார். அத்திரட்டு ஏறத்தாழ ஒரு லட்சம் என்பர். அவர் 1992-இல் மறைந்தபின் அதனை அடிப்படையாகக் கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று தமிழ் ஆய்வாளர் பலர் அதன் வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது. ஹைதராபாத்தில் மூன்றாம் சாலார் ஜங் என வழங்கப்பட்ட மீர் யூசுப் அலி கான் தம் செல்வத்தையெல்லாம் கலைப்பொருள்களில் செலவிட்டார். 1949-இல் அவர் மறைந்தார். 1951-இல் அப்பொருள்கள் பொதுமக்கள் காணும் அருங்காட்சியகம் ஆயின. இவர்களையும் நம்மோடு ஒரே தட்டில் நிறுத்தலாமா?

நிறுத்தலாகாது என்றே கருதுகிறோம். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அவர்கள் நம்மினும் பன்மடங்கு பெரிய ஆசைக்காரர்கள். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. ரோஜா முத்தையா உயிரோடிருந்த காலத்திலேயே ஆராய்ச்சியாளர்கள் கோட்டையூருக்குச் சென்று அந்நூல்களைப் பயன்படுத்தினர். அழியக்கூடியதைக் காப்பதும் தேடி வருவோருக்குத் திறந்து வைப்பதும் அச்சேகரிப்பின் உயிராக இருந்தன. நம் குழல்களோ அழியும் நிலையில் இருந்தவை அல்ல. பணம் அனுப்பினால் இன்றும் எத்தனை வேண்டுமானாலும் வரும். அவற்றை யாருக்காகவும் நாம் காக்கவில்லை. திறந்து வைத்தோமா என்னும் கேள்விக்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியதும் அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் எதிர்வீட்டு மாடியில் தென்மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பம் குடியிருந்தது. தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். பத்து வயதுச் சிறுவன் ஒருவன். மாலையில் நாம் திண்ணையில் அமர்ந்து ஊதும்போது மாடிக் கைப்பிடிச் சுவரில் முகவாயை ஊன்றிக்கொண்டு கேட்பான். ஒருநாள் இறங்கி வந்தான். பெட்டி திறந்திருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா, ஒரே ஒரு தடவை ஊதிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டான். "இதெல்லாம் விளையாட்டுச் சாமான் இல்லை தம்பி" என்று சொல்லிப் பெட்டியை மூடினோம். கடுமையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னோம். அதனால் அச்சொல் இன்னும் கசக்கிறது.

மறுநாள் அவன் கையில் ஒரு நூல் கோன் இருந்தது. பின்னல் இயந்திரத்தில் நூல் தீர்ந்தபின் எறியப்படும் கூம்பு வடிவக் காகித அட்டை அது. நம் ஊரில் குப்பை மேடெங்கும் கிடைக்கும். அதன் குறுகிய முனையில் வாயை வைத்து ஊதிக்கொண்டு தெருவில் ஓடினான். 'பூ' என்னும் ஒரே ஒலி. கிளார்க் தகட்டைச் சுருட்டிச் செய்த கூம்பும் அச்சிறுவன் பொறுக்கியெடுத்த கூம்பும் ஒரே வடிவம் என்பது அன்று நம் கண்ணுக்குப் படவேயில்லை. 2020 மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்தது. கம்பெனிகள் மூடப்பட்டன, கூலியின்றிப் பலர் ஊர் திரும்பினர். அக்குடும்பமும் சென்றது. கம்பெனிகள் மீண்டும் திறந்தன, அவர்கள் திரும்பவில்லை. எந்த ஊர் என்றுகூட நாம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

திருமறையின் 107-ஆம் அத்தியாயத்தின் பெயர் 'அல்மாஊன்'. வாளி, கோடரி, சமையல் பாத்திரம் போன்று அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்ளும் சிறு புழங்கு பொருள்களே மாஊன் என்று விரிவுரையாளர்கள் பொருள் கூறியுள்ளனர். அவற்றைக் கொடாமல் தடுப்போரை அவ்வத்தியாயம், தொழுதும் தொழுகையின் பொருளறியாதாரோடு சேர்த்து வைத்துக் கண்டிக்கிறது. பெரும் பொருளைக் கொடாதவனைப் பற்றி அங்கே பேச்சில்லை. கொடுத்தால் குறையாத சிறு பொருளை மறுப்பவனைப் பற்றியே பேச்சு. ஒரு குழலை ஒரு சிறுவன் ஒருமுறை ஊதுவதால் நமக்கு என்ன குறைந்திருக்கும்? ஒன்றும் குறைந்திராது. ஆயினும் மறுத்தோம். மறுக்கச் செய்தது நம் இயல்பான கருமித்தனம் என்று நாம் நம்பவில்லை. அன்று நம்மிடம் ஒரே ஒரு குழல் இருந்திருந்தால் கொடுத்திருப்போம் என்றே எண்ணுகிறோம். திருவிழாப் பீப்பியை ஊதிய வயதில் அதனைத் தெருப் பிள்ளைகள் அனைவரின் வாயிலும் மாறி மாறி வைத்திருக்கிறோம். ஒன்றாக இருந்தபோது அது ஊதும் பொருள். முப்பதுக்கு மேல் போனபோது அது 'தொகுப்பு' ஆயிற்று. தொகுப்புக்கு ஒரு மரியாதை, ஒரு வரிசை, ஒரு பட்டியல், ஒரு பூட்டு. பொருள்கள் பெருகும்போது கொடுப்பது எளிதாகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நம் அனுபவம் அதற்கு நேர்மாறாக இருந்தது.

மார்க்கச் சட்டத்தில் பொன்னுக்கும் வெள்ளிக்கும் வணிகச் சரக்குக்கும் ஜகாத் உண்டு. ஒருவர் புழங்கும் வீட்டுச் சாமானுக்கும் தொழிற்கருவிக்கும் இல்லை. உழைக்கும் பொருளுக்கும் தேங்கும் செல்வத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக யார் வகுக்க முடியும்? இச்சட்டத்தின்படி நம் குழல் பெட்டி வரம்புக்குள் வராது; வீட்டுச் சாமான் கணக்கில் தப்பிவிடும். ஆனால் சட்டத்திலிருந்து தப்பியது மனச்சாட்சியிடமும் தப்பிவிடும் என்று சொல்வதற்கில்லை. இதனை நமக்கு உணர்த்தியவர் ஓர் ஆலிம் அல்லர். பக்கத்துத் தெருவில் இருக்கும் நிட்டிங் மெக்கானிக். பெட்டியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஓடாத மிசின்ல ஊசி துருப்புடிச்சுப் போயிருமுங்க, பாய். நூல் இல்லாட்டியும் அப்பப்ப ஓட்டி வெக்கோணும்." அவர் இயந்திரத்தைப் பற்றித்தான் சொன்னார். நாம் பெட்டிக்குள் குனிந்து பார்த்தோம். அடியில் கிடந்த மூன்று குழல்களின் விளிம்பில் செம்மை படர்ந்திருந்தது.

அதன்பின் நாம் துறவியாகிவிடவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாரி வழங்கிவிட்டு அப்பெருமையைச் சேர்த்து வைத்துக்கொள்வதும் ஒருவகைச் சேகரிப்பே என்று தோன்றியது. நாள்தோறும் ஊதக்கூடியவை மூன்று என்று கணக்கிட்டு அவற்றை வைத்துக்கொண்டோம். மற்றவை பெட்டியில் இருக்கின்றன, பூட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் திண்ணையில் பெட்டி திறந்திருக்கும். பனியன் கம்பெனித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், தமிழ் பேசுவோரும் இந்தி பேசுவோரும் ஒடியா பேசுவோரும், வந்து எடுத்து ஊதுகின்றனர். விரும்பியவர் வீட்டுக்கும் கொண்டுபோகின்றனர். ஏழு குழல்கள் திரும்பி வரவில்லை. தெருவில் எழும் கீச்சொலியைப் பொறுத்துக்கொள்ளும் அயலாருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆசை ஒழிந்ததா என்று வாசகர்கள் கேட்கலாம். ஒழியவில்லை. சென்ற வாரமும் ஒரு புதிய குழலின் படத்தைப் பார்த்தோம், விலையையும் பார்த்தோம். முன்பு 'இது நம்மிடம் இல்லையே' என்னும் எண்ணம் எழுந்த இடத்தில் இப்போது வேறொரு கேள்வியை வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம்: 'இதனை யார் ஊதப் போகிறார்?' சில நாள்களில் அக்கேள்வி வெல்கிறது. சில நாள்களில் ஆசை வெல்கிறது. ஏழு குழல்கள் வெளியே போயிருக்கின்றன. போனவற்றுள் ஒன்றேனும் அந்தத் தென்மாவட்டச் சிறுவனின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கக் கூடாதா என்று எண்ணுகிறோம். அவனுக்கு இப்போது மீசை முளைத்திருக்கும். பெட்டியை மூடும் முன் நாம் சொல்லியிருக்க வேண்டியது ஒரே சொல்தான்: 'ஊது.' அதனை இப்போது வேறு பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.